ஏற்றுமதி இறாலுக்கு அடுக்கடுக்கா சோதனை... நம்ம தட்டுக்கு யார் பொறுப்பு?



2025 ஏப்ரல் 8. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாட்டில் ஓராண்டுத் தடை. டிவியில பிரேக்கிங் நியூஸ் ஓடுச்சு, மீம்ஸ் பறந்துச்சு, ரெண்டு நாள் எல்லாரும் பேசினோம். அப்புறம்? மறந்துட்டோம்.

தடையை நாம் எதிர்க்கவில்லை. அந்த உத்தரவு சால்மோனெல்லா என்ற கிருமியைப் பேர் சொல்லித்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. நல்லது. ஆனா நாம கேட்கிறது ஒரே ஒரு கேள்விதான்.

முட்டைக்குள்ள அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது?

எந்தப் பண்ணை? எந்தத் தீவனம்? எந்த லோடு? எந்த மருந்துக்கு அடங்கும், எந்த மருந்துக்கு அடங்காது? மயோனைஸை நிறுத்திட்டா அது ஆஃப் பாயில்ல வராதா? அரைவேக்காட்டு கிரில் சிக்கன்ல வராதா? கோழி வெட்டின பலகையிலேயே நறுக்கின வெங்காயத்துல வராதா?

திருடன் வந்த பாதையைத் தேடாம, அவன் போட்டிருந்த சட்டையைத் தடை பண்ணின கதைதான் இது.

■ நாமக்கல் நமக்குச் சொன்னது என்ன?

2023 செப்டம்பர். நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். 40 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கடைக்கு சீல் வைத்தார்கள். ஓனரையும் சமையல்காரர்களையும் கைது செய்தார்கள். மாநிலம் முழுக்க ரெய்டு நடந்தது. கிலோ கணக்கில் கறியைக் கொட்டி பினாயில் ஊற்றுகிற போட்டோ எல்லாப் பேப்பரிலும் வந்தது.

நியாயம்தான். கடைக்காரர் தப்புக்குக் கடைக்காரர் பதில் சொல்லணும். ஆனா அந்தக் கோழி எந்த ஷெட்டில் வளர்ந்தது, எந்த வண்டியில் வந்தது, அதே லோடு வேற எத்தனை கடைக்குப் போனது? இதைப் படிக்கிற உங்கள்ல யாருக்காவது தெரியுமா? இந்தியாவின் முட்டைத் தலைநகரம்னு பேர் வாங்கின ஊரிலேயே இந்தக் கேள்விக்கு மக்கள் கையில் பதில் இல்லை.

அதற்கு முந்தின வருஷம், 2022 மே. கேரளாவின் காசர்கோட்டில் அதே போல ஷவர்மா சாப்பிட்ட 16 வயதுப் பெண் இறந்தாள். அங்கே நோயாளிகளைச் சோதித்து ஷிகெல்லா கிருமி என்று கண்டுபிடித்தார்கள். கடையில் எடுத்த மாதிரிகளில் சால்மோனெல்லாவும் இருந்தது. மிளகுத்தூளில்கூட இருந்தது! கவனிங்க, கறியில் மட்டுமில்ல, மிளகுத்தூளிலும். சோதனை பண்ணினதால்தான் அது தெரிஞ்சது. பண்ணலைன்னா 'ஃபுட் பாய்சன்'னு ஒரு வார்த்தையோட ஃபைல் மூடியிருக்கும்.

நம்ம நாட்டில் இந்த 'ஃபுட் பாய்சன்' என்ற வார்த்தை இருக்கே, அது நோயின் பேர் இல்லை. விசாரணையை முடிச்சு வைக்கிறதுக்கான பேர்.

■ தடம் பிடிக்கிறதுன்னா என்ன?

சால்மோனெல்லா உள்ளே போனா 6 மணி நேரத்திலிருந்து 6 நாளுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி வரும். பெரும்பாலானவர்களுக்கு 4 முதல் 7 நாளில் தானே சரியாகிவிடும், ஆன்டிபயாடிக்கே தேவையில்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் போதும். ஆனா கைக்குழந்தை, வயசானவங்க, எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்க உடம்பில் அது குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போகும். அப்போ மருந்து வேலை செஞ்சே ஆகணும். செய்யலைன்னா உயிர் போகும்.

இப்போ நடைமுறையைப் பாருங்க. திருச்சியில் ஒருத்தர், கரூரில் ரெண்டு பேர், சேலத்தில் நாலு பேர். எல்லாருக்கும் பேதி. ஆளுக்கொரு கிளினிக், ஆளுக்கொரு ஊசி. மலத்தைச் சோதனைக்கு அனுப்பினவங்க எத்தனை பேர்? இந்த ஏழு பேரும் ஒரே பண்ணையின் முட்டையைச் சாப்பிட்டவங்களா இருந்தாலும், அது யாருக்கும் தெரியப் போறதில்லை. ஏழு தனித்தனி வயிற்றுவலி, அவ்வளவுதான்.

தடம் பிடிக்கிறதுன்னா இந்த ஏழையும் ஒண்ணா சேர்த்துப் பார்க்கிறது. நோயாளியிடம் கிடைத்த கிருமியின் மரபணுக் கைரேகையையும், கடையிலும் பண்ணையிலும் கிடைத்த கிருமியின் கைரேகையையும் ஒப்பிடுவது. ரெண்டும் ஒத்துப்போனா ஆள் மாட்டினான்!

அமெரிக்காவில் 1993ல் சரியாக வேகாத ஹாம்பர்கரில் இருந்த ஈ.கோலை கிருமியால் 4 குழந்தைகள் இறந்தார்கள், 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள். அந்த அவமானத்திலிருந்து பிறந்ததுதான் 1996ல் தொடங்கிய பல்ஸ்நெட் என்ற ஆய்வக வலைப்பின்னல். அதே 1996ல் மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பும் தொடங்கினார்கள்.

பலன் என்ன தெரியுமா? 2008, 2009ல் 46 மாநிலங்களில் சிதறிக் கிடந்த 700க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒரே கயிற்றில் கோத்து, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு வேர்க்கடலை ஆலையின் கதவைத் தட்டினார்கள். 9 பேர் இறந்திருந்தார்கள். சரக்கில் சால்மோனெல்லா இருக்குன்னு தெரிஞ்சே விற்றது அம்பலமானது. 2015ல் அந்த கம்பெனி முதலாளிக்கு 28 ஆண்டு சிறை. மாட்டினது சாண்ட்விச் விற்ற கடைப் பையன் இல்லை. முதலாளி!

அமெரிக்கா சொர்க்கம்னு நாம சொல்லலை. 2013 மார்ச் முதல் 2014 ஜூலை வரை கலிபோர்னியாவின் ஃபாஸ்டர் ஃபார்ம்ஸ் கோழியோடு தொடர்புடைய சால்மோனெல்லாவால் 29 மாநிலங்களிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் 634 பேர் நோயுற்றார்கள். பல மருந்துகளுக்கு அடங்காத கிருமி அது. பத்தில் நாலு பேர் ஆஸ்பத்திரியில் சேரவேண்டி வந்தது. கிருமி யாருடையது என்று தெரிந்தும் சரக்கைத் திரும்பப் பெற அத்தனை மாதம் ஆனது. காரணம், பச்சைக் கோழியில் சால்மோனெல்லா இருப்பதே அங்கே சட்டப்படி கலப்படம் ஆகாது. அந்த ஓட்டையை அடைக்க 2024ல் கொண்டுவந்த வரைவு விதியையும் 2025 ஏப்ரலில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இதிலிருந்து கத்துக்க வேண்டியது ரெண்டு. கண்காணிப்பு இல்லைன்னா குற்றவாளி தெரியாது. தெரிஞ்ச பிறகும் அரசுக்கு முதுகெலும்பு இல்லைன்னா குற்றம் நிற்காது. நமக்கு ரெண்டுமே வேணும்.

■ மருந்தே மக்கிப்போகும் கதை

கோழிக்கு நோய் வந்தா மருந்து கொடுக்கணும். அதுல யாருக்கும் சண்டை இல்லை. பிரச்சினை, நோயே இல்லாத கோழிக்குத் தீவனத்திலும் தண்ணீரிலும் கொஞ்சம் கொஞ்சமா ஆன்டிபயாடிக் கலந்து கொடுக்கிறது. எடை சீக்கிரம் ஏறட்டும்னு ஒரு கணக்கு. நெருக்கமா அடைச்ச ஷெட்டில் நோய் வராம இருக்கட்டும்னு இன்னொரு கணக்கு.

அந்தக் கொஞ்சூண்டு மருந்தில் பலவீனமான கிருமி சாகும், பலமானது பிழைக்கும். பிழைச்சது பெருகும். பெருகினது தன்னோட எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்கும். கறியோட சமையலறைக்கு வரும். கோழி எருவோட வயலுக்குப் போகும். மழைத்தண்ணியோட குளத்துக்குப் போகும்.

கோலிஸ்டின்னு ஒரு மருந்து. வேற எதுவும் வேலை செய்யாதபோது ஐசியூவில் டாக்டர் கடைசியா கையில் எடுக்கிற ஆயுதம். 2015ல் சீனாவில், பன்றிகளிலும் கடைக்கறியிலும் நோயாளிகளிடமும், கோலிஸ்டினையே தோற்கடிக்கிற, கிருமி விட்டுக் கிருமி தாவுகிற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். உலகமே அதிர்ந்தது. அதே மருந்து நம்ம நாட்டில் கோழிக்குத் தீவனத்தில் போய்க்கொண்டிருந்தது! 2019 ஜூலை 19ல்தான் உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன்களுக்குக் கோலிஸ்டினை ஒன்றிய அரசு தடை செய்தது.

தடை போட்டாச்சு, சரி. தடை பலிச்சதா? அது தெரியணும்னா கடைக்கறியை எடுத்துத் தொடர்ந்து சோதிச்சு, மாசாமாசம் மக்களுக்குச் சொல்லணும். உங்க மாவட்டத்துக் கடைக்கறியின் சோதனை முடிவை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? 2014ல் டெல்லியைச் சேர்ந்த சிஎஸ்இ என்ற தன்னார்வ அமைப்பு டெல்லி வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்து, 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருப்பதாகச் சொன்னது. ஒரு தன்னார்வ அமைப்பு செய்யவேண்டியதா இது? அரசாங்கத்தோட வேலை இல்லையா?

■ வெளிநாட்டுத் தட்டு உசத்தி, நம்ம தட்டு மட்டமா?

இதுதான் நெஞ்சை அறுக்கிற இடம்.

நம்ம கடற்கரையில் வளர்கிற இறால் ஐரோப்பாவுக்குப் போகணும்னா, குளத்தில் பிடிப்பதற்கு முன்னாடியே ஆன்டிபயாடிக் எச்சம் இருக்கான்னு சோதனை. கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் அதற்கென்றே ஆய்வகங்கள் வைத்திருக்கிறது. கரையேறின பிறகு இன்னொரு சோதனை. அங்கே போய் இறங்கும்போது அவங்க சோதனை. 2016ல் இந்திய இறால் சரக்கில் சோதிக்கும் அளவை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக ஐரோப்பிய ஒன்றியம் உயர்த்தியது.

சோதிக்கத் தெரியாதுன்னு இனி சொல்ல முடியுமா? கருவி இல்லைன்னு சொல்ல முடியுமா? ஆள் இல்லைன்னு சொல்ல முடியுமா? எல்லாம் இருக்கு. டாலர் வருகிற சரக்கென்றால் எல்லாம் வேலை செய்யுது. நாம காசு கொடுத்து வாங்குற சரக்கென்றால் எல்லாம் தூங்குது.

ஐரோப்பாக்காரன் வயிறு வயிறு. நம்ம பிள்ளை வயிறு?

■ பண்ணை விவசாயி எதிரி இல்லை

சிலர் உடனே கோழிப்பண்ணைக்காரர் மேல பாய்வாங்க. பொறுங்க. பல்லடம் பக்கம் போய்ப் பாருங்க. கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்து கம்பெனியுடையது. விவசாயிக்குச் சொந்தமானது ஷெட்டும், கரண்ட் பில்லும், குடும்பத்தோட உழைப்பும், பேங்க் கடனும்தான். கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி. அந்தக் கூலியை உயர்த்தச் சொல்லியே அவங்க வருஷக்கணக்கில் போராடிட்டு இருக்காங்க.

தீவன மூட்டைக்குள்ள என்ன கலந்திருக்குன்னு அவருக்கே தெரியாதபோது, அதிகாரி வந்து அவர் சட்டையைப் பிடிக்கிறது நீதி இல்லை. பிடிக்க வேண்டியது மூட்டையில் அச்சடிச்சிருக்கிற பேரை!

தடம் பிடிக்கும் முறை வந்தா முதலில் காப்பாற்றப்படுவது நேர்மையான பண்ணைக்காரர்தான். இப்போ ஒரு இடத்தில் தப்பு நடந்தா மொத்த நாமக்கல்லுக்கும் விலை விழுது. எந்தப் பண்ணைன்னு துல்லியமா தெரிஞ்சா, மத்தவங்க பொழப்பு ஏன் கெடணும்?

■ "அப்போ முட்டையே சாப்பிடாதேன்னு சொல்றீங்களா?"

இல்லவே இல்லை! முட்டையை வச்சு அரசியல் பண்ணி, ஏழைப் பிள்ளை தட்டிலிருந்து அதைப் பிடுங்கக் காத்திருக்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு. அவங்களுக்கு இந்தப் பதிவு ஆயுதம் இல்லை. நல்லா வேகவச்ச முட்டையில் சால்மோனெல்லா உயிரோடு இருக்காது. சத்துணவு முட்டை நம்ம பிள்ளைகளின் உரிமை, அதில் ஒரு முட்டைகூடக் குறையக் கூடாது.

இங்கிலாந்தைப் பாருங்க. 1988 டிசம்பரில் அங்கே இணை அமைச்சராக இருந்த எட்வினா கரி, நாட்டு முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லா பாதிப்பில் இருக்குன்னு பேசினார். முட்டை விற்பனை சரிஞ்சது, அவர் பதவி போச்சு. ஆனா கதை அங்கே முடியலை. 1998லிருந்து கோழிகளுக்குத் தடுப்பூசி, முட்டை மேலேயே அச்சிட்ட சிங்க முத்திரை, பண்ணை வரைக்கும் தேடிப் போகிற அடையாள எண். 2017ல் அந்த நாட்டின் உணவுத் தர நிறுவனமே, முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அரைவேக்காட்டில்கூடச் சாப்பிடலாம்னு சொல்லிவிட்டது. முட்டையைத் தடை செய்து அவங்க ஜெயிக்கலை, கிருமியைத் துரத்தி ஜெயிச்சாங்க.

"ஆன்டிபயாடிக்கை நிறுத்தினா தொழில் நசிஞ்சிடும்"னு சொல்றவங்களுக்கு டென்மார்க். எடை ஏற்றுவதற்கான ஆன்டிபயாடிக்கை 1990களின் கடைசியில் நிறுத்தினார்கள். 1995லிருந்தே கால்நடை, உணவு, மனிதர் மூன்றையும் சேர்த்துக் கண்காணித்துக் கணக்கு வெளியிடுகிறார்கள். அவங்க பன்றி உற்பத்தி நசியலை, அதன் பிறகும் வளர்ந்தது. 2006லிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கவே அந்தப் பழக்கத்துக்குத் தடை.

■ காகிதத்தில் எல்லாம் இருக்கு

2012ல் ஆன்டிபயாடிக் எதிர்ப்பைத் தடுக்க இந்தியாவுக்கு வழிகாட்டும் ஆவணத்தை மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அதன் பேரே சென்னைப் பிரகடனம்! 2017ல் ஒன்றிய அரசு தேசியச் செயல்திட்டம் போட்டது. 2018ல் கேரளா மாநில அளவில் தனித் திட்டம் போட்டு, மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைப் பிடிக்க 2024ல் 'ஆபரேஷன் அம்ருத்' என்று ரெய்டுக்கே இறங்கியது.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுங்க. 35ஆம் பிரிவு: உணவு நச்சு நேர்வுகளை மருத்துவர்கள் தெரிவிக்கவேண்டும் என்று அறிவிக்கை மூலம் கட்டாயப்படுத்தலாம். உங்க தெரு டாக்டரைக் கேளுங்க, கடைசியா எப்போ அப்படி ஒரு தகவல் அனுப்பினீங்கன்னு. 65ஆம் பிரிவு: பாதுகாப்பற்ற உணவால் இறந்தால் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு. ஆனா எந்த உணவு, எந்தக் கம்பெனின்னு நிரூபிச்சாதானே இழப்பீடு? தடமே பிடிக்காத நாட்டில் நிரூபிக்கிறது எப்படி?

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கிருமியின் மரபணுக் கைரேகையைத் தேடிப் போக முடியுமா? அது அரசோட கடமை.

பணம் இல்லைன்னு சொல்லாதீங்க. கொரோனா காலத்தில் 2021 செப்டம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் மாநில அரசே சொந்தமாக மரபணு வரிசைப்படுத்தும் ஆய்வகம் திறந்தது. கிண்டியில் 1899லிருந்து கிங் நிலையம் நிற்கிறது. நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. இந்த மூணையும் ஒரு மேசையில் உட்கார வைக்கிறதுக்குப் பணம் வேண்டாம், மனசு வேணும்.

■ நமது கோரிக்கைகள்

1. 35ஆம் பிரிவின்படி உணவு நச்சு நேர்வுகளைத் தெரிவிப்பதை அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்துக்கும் கட்டாயமாக்கி, நடைமுறைப்படுத்த வேண்டும்.

2. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கடுமையான பேதி, காய்ச்சல் நோயாளிகளுக்கு மல, ரத்தக் கிருமிச் சோதனை இலவசம். கிடைக்கும் சால்மோனெல்லா எல்லாம் மரபணுச் சோதனைக்குப் போக வேண்டும்.

3. சந்தையில் விற்கும் கோழி, முட்டை, மீன், பால் மாதிரிகளை மாவட்ட வாரியாகச் சோதித்து, கிருமி, மருந்து எச்சம், மருந்து எதிர்ப்பு மூன்றையும் மாதந்தோறும் தமிழில் வெளியிட வேண்டும்.

4. தீவன ஆலைகளும் கால்நடை மருந்து விற்பனையும் பதிவேட்டின் கீழ் வரவேண்டும். என்ன கலந்திருக்கு என்று ஒவ்வொரு தீவன மூட்டையிலும் தமிழில் அச்சிட வேண்டும்.

5. முட்டை அட்டைக்கும் கறிக்கோழி லோடுக்கும் பண்ணை அடையாள எண். ஒப்பந்தப் பண்ணையில் தப்பு நடந்தால் முதல் பொறுப்பு தீவனமும் மருந்தும் கொடுத்த கம்பெனிக்கு.

6. முட்டைக்கோழிகளுக்கு சால்மோனெல்லா தடுப்பூசி போட சிறு பண்ணைகளுக்கு மானியம். சோதனையில் கிருமி இருப்பதை மறைக்காமல் சொல்லும் விவசாயிக்கு நட்டஈடு.

7. உணவுப் பாதுகாப்பு அலுவலர், ஆய்வகப் பணியாளர் காலியிடங்களை உடனே நிரப்ப வேண்டும்.

■ அதுவரை நாம...

கோழி, முட்டையை நல்லா வேகவச்சுச் சாப்பிடுங்க. பச்சைக்கறி வெட்டின கத்தி, பலகை, கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு அடுத்த காயைத் தொடுங்க. பேதின்னா முதலில் உப்பு சர்க்கரைக் கரைசல். சீட்டில்லாம மெடிக்கல்ல போய் ஆன்டிபயாடிக் கேட்காதீங்க. கைக்குழந்தைக்கோ பெரியவங்களுக்கோ காய்ச்சலோடு பேதின்னா வீட்டில் வச்சுப் பார்க்காம அரசு மருத்துவமனைக்குப் போங்க. "டெஸ்ட் எடுத்து என்ன கிருமின்னு சொல்லுங்க டாக்டர்"னு தைரியமா கேளுங்க, அது உங்க உரிமை.

அடுத்த சாவு விழுந்த பிறகு அடுத்த சாஸைத் தடை செய்கிற அரசு நமக்கு வேண்டாம். சாவு விழுவதற்கு முன்னாடியே கிருமியின் கதவைத் தட்டுகிற அரசு வேண்டும்.

ஏற்றுமதித் தட்டுக்கு என்ன சட்டமோ, அதே சட்டம் எங்க வீட்டுத் தட்டுக்கும் வேண்டும்!

பகிருங்கள். உங்கள் ஊர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் இந்த 7 கோரிக்கைகளையும் மனுவாகக் கொடுங்கள். மனுவின் நகலைப் பத்திரமா வச்சுக்கங்க, பதில் வரும்வரை கேட்போம்!

#நம்ம_தட்டுக்கு_யார்_பொறுப்பு
#கிருமியின்_தடம்_பிடி
#ஒரே_தட்டு_ஒரே_சட்டம்